யார் பார்த்தார்கள், யார் எழுதினார்கள்?
தென்காசி – குற்றாலம் வட்டாரத்திலிருந்து திரைப்பட விழாக்களின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு போராட்டத்தைப் பற்றியோ ஒரு நூலைப் பற்றியோ பேசுவதுதான் நம் வழக்கம். இந்த ஆண்டு திரைப்பட விழாக்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் நம் அரங்கத்தின் மூத்த தோழர் ஒருவர், "சினிமா பாக்குறதுக்கெல்லாம் ஒரு வரலாறா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குச் சொல்ல நினைத்த பதிலையே இங்கே உரையாக விரித்திருக்கிறோம்.

ஒரு படத்தை மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து பார்ப்பது ஓர் உரிமை. பார்த்தபின் அதைப் பற்றி நாலு பேர் அறியக் கருத்துச் சொல்வது இன்னோர் உரிமை. முதல் உரிமை நமக்குக் காசு கொடுத்தபின்பும் பாதியாகத்தான் கிடைத்தது. இரண்டாவது உரிமை இப்போதுதான் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் நம் ஆட்கள் பார்த்த படங்கள் கணக்கில்லாதவை. அவற்றைப் பற்றி அவர்கள் பேசியதும் ஏராளம். ஆனால் அதில் எழுத்தில் நிற்பது மிகக் குறைவு. அந்த இழப்பைப் பற்றியும், அது இனியும் தொடராமலிருக்க நாம் செய்யவேண்டியதைப் பற்றியும்தான் இந்த உரை.

1. குற்றாலத்தின் முதல் படக்கூடம்

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் பேரருவியையும் ஐந்தருவியையும் பார்க்கிறார்கள். கொஞ்சம் பேர் சித்திர சபைக்கும் போகிறார்கள். நடராசருக்குச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் இது ஒன்று. மற்ற சபைகளில் சிலையாக நிற்கும் கூத்தபிரான் இங்கே சுவரில் தீட்டிய ஓவியமாக இருக்கிறார். உட்சுவர்களில் புராணக் காட்சிகள் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. படத்தையே தெய்வமாக வைத்து, சுற்றி வந்து பார்க்கக் கட்டிய கூடம் அது. நம் வட்டாரத்தின் முதல் படக்கூடம் என்று அதைச் சொன்னால் தவறில்லை.

அந்தப் படத்தை யார் பார்த்தார்கள் என்பதுதான் நம் கேள்வி. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்கான சட்டம் 1939இல்தான் வந்தது. இங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிற செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. அங்கே 1936 நவம்பரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்துவிட்டது. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஒரே மலையின் அடிவாரத்தில் இரண்டு ஆட்சி, இரண்டு சட்டம். இரண்டிலும் அதுவரை நம்மவர்கள் நின்ற இடம் வெளியேதான்.

அருவிக்கும் இதே கதைதான். 1934இல் தீண்டாமை ஒழிப்புப் பயணமாக வந்த காந்தி குற்றாலத்தில் அருவியில் குளிக்காமல் திரும்பினார். அருவிக்குப் போகிற வழி கோயில் எல்லை வழியாக இருந்ததால் தீண்டப்படாதவர்கள் அங்கே போக முடியாது என்று அறிந்ததே காரணம். காந்தியோடு நமக்குள்ள கணக்கு வேறு. பூனா ஒப்பந்தத்தை நாம் மறக்கவில்லை. ஆனாலும் மலையிலிருந்து தானாக விழுகிற தண்ணீருக்கே ஒரு வழியும் அந்த வழிக்கு ஒரு காவலும் இருந்தன என்பதற்கு இந்தச் செய்தி சாட்சி. சினிமா வருவதற்கு முன்பே பார்ப்பதற்கும் நனைவதற்கும் சாதி இருந்தது. கொட்டகை அதற்குப் பிறகு வந்ததுதான்.

2. ரோசி உட்காராத இருக்கை

மலைக்கு அந்தப் பக்கம், அதே திருவிதாங்கூரின் தலைநகரில் நடந்ததை இப்போது பார்ப்போம். அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி.டேனியல் சொத்தை விற்று ஒரு படம் எடுத்தார். 'விகதகுமாரன்' என்பது பெயர். மலையாளத்தின் முதல் படம் அதுவே. அதில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே.ரோசி. புலையர் சமூகத்துப் பெண். புல்லறுத்துப் பிழைத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து நடக்கிற காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பழகியவர்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் வெளியானது. ஆண்டை 1928 என்று சில ஆய்வாளர்களும் 1930 என்று சிலரும் குறிப்பிடுகிறார்கள். ரோசி வந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் சொன்னதால், தான் நடித்த படத்தைப் பார்க்க அவர் அரங்குக்குள் அனுமதிக்கப்படவில்லை. ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக வந்ததையும், நாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை முத்தமிட்டதையும் பொறுக்காத கூட்டம் திரையின் மீது கல்லெறிந்தது. அவர் குடிசை கொளுத்தப்பட்டது. ஒரு லாரியில் ஏறித் தப்பிய அவர், லாரி ஓட்டியவரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவில் பக்கம் வாழ்ந்து மறைந்தார். படச்சுருள் நமக்குக் கிடைக்கவில்லை. டேனியலின் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது கொடுத்துவருகிறது. ரோசியின் பெயர் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பேசப்பட்டது.

ரோசியைப் பற்றிப் பேசும்போது அவர் நடித்ததைப் பேசுகிறோம், விரட்டப்பட்டதைப் பேசுகிறோம். அவர் பார்வையாளராகவும் தடுக்கப்பட்டார் என்பதை அழுத்திச் சொல்வதில்லை. தன் முகத்தைத் திரையில் பார்க்கவும், நன்றாக நடித்திருக்கிறேனா என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொள்ளவும் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்தப் படத்துக்கு அன்று கிடைத்த விமர்சனம் கல். எறிந்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நடித்தவர் வெளியே நின்றார்.

3. ஒரே கூரை, வேறு வேறு தரை

தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டுவதைச் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் தொடங்கினார். தமிழ் பேசும் படம் 1931இல் 'காளிதாஸ்' மூலம் வந்தது. பிறகு கீற்றுக் கொட்டகைகள் சந்தைப் பேட்டைகளுக்கும் கிராமங்களுக்கும் வந்துசேர்ந்தன. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதியல்ல, கையிலிருந்த காசு என்றும் பேராசிரியர் கா.சிவத்தம்பி எழுதினார். தமிழ் சினிமாவை ஆராய்கிற எவரும் கடந்துபோக முடியாத கருத்து இது. கோயிலும் கூத்துமேடையும் கொடுக்காததைக் கொட்டகை கொடுத்தது உண்மை.

ஆனால் காசு எங்கிருந்து வரும்? நெல்லும் புல்லும் கூலியாக அளக்கப்பட்ட குடும்பத்துக்குக் கையில் காசு சேர்வதே அபூர்வம். ஆகவே பெஞ்சும் நாற்காலியும் யாருக்கு, தரை யாருக்கு என்பது டிக்கெட் விலையிலேயே முடிந்துவிட்டது. தரை மணலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்த கதையை எங்கள் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால், பின்னால் இருப்பவர் யாரென்று பார்த்துத்தான் குவிக்க வேண்டும் என்று எங்கள் தாத்தா ஒருவர் சொல்வார். கூரை ஒன்றாக இருந்தது. தரை ஒன்றாக இல்லை.

எழுத்தின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1935இல் 'நந்தனார்' படம் வந்தது. நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள், அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் ஊரெல்லாம் பேச்சு. கல்கி ஆனந்த விகடனில் அந்தப் படத்தைக் கடுமையாகக் கேலி செய்தார். பாட்டு, நடிப்பு, ஒரு பெண் நந்தனாராகலாமா என்பதெல்லாம் விவாதத்துக்கு வந்தன. நந்தனைத் தங்கள் ஆள் என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? அவர் கடைசியில் தீயில் இறங்கும்போது அவர்களுக்கு என்ன தோன்றியது? இதைக் கேட்டு எழுத யாரும் வரவில்லை.

நம்மிடம் எழுத ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது 1893இல். லூமியேர் சகோதரர்கள் பாரீசில் படம் காட்டுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907இல் வந்தது. சினிமாவுக்கு முன்பே பத்திரிகை நடத்திய மக்கள் நாம். சினிமாவை எழுதும் இடங்கள்தான் நமக்குத் திறக்கவில்லை.

1956இல் 'மதுரை வீரன்' ஓடியபோதும் அதே கதை. சக்கிலியர் வீட்டுப் பிள்ளையாக நம் மக்கள் கும்பிடுகிற வீரன், படத்தில் அரசனுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் தம்பதியிடம் வளர்கிறான். வீரம் வளர்த்த வீட்டிலிருந்து வந்ததா, பிறந்த வீட்டிலிருந்து வந்ததா என்ற கேள்வி அந்தக் கதைமாற்றத்துக்குள் இருக்கிறது. நம் தெருக்களில் அந்தப் படம் கொண்டாடப்பட்டது, எம்.ஜி.ஆர். நம் வீட்டுச் சுவரில் ஏறினார். கொண்டாடியவர்களுக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை என்று நாங்கள் நம்பவில்லை. எழுந்த கேள்வி டீக்கடையோடு நின்றுவிட்டது.

4. சங்கங்களும் விழாக்களும்

இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கியது. பிறகு சென்னை, டெல்லி, கல்கத்தாவுக்கும் போனது. 'சைக்கிள் திருடர்கள்' போன்ற இத்தாலியப் படங்களை இந்தியர்கள் அதில் பார்த்தார்கள். 1959இல் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. சத்யஜித் ராய் தலைவர். 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தார். தேசிய விருது பெற்ற படம். அதே ஜான் பிறகு ஒடேசா இயக்கத்தைத் தொடங்கி, மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' எடுத்தார். காசு கொடுத்தவர்களே பார்வையாளர்கள் என்ற முறை அது.

சங்கங்களின் பங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். நாம் பார்க்கிற உலக சினிமா அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் வந்தது. ஆனால் சந்தா கட்டி, ஆங்கிலக் குறிப்பு படித்து, மாலை ஆறு மணிக்கு நகரத்து அரங்குக்கு வரக்கூடியவர் யார்? அக்ரகாரத்துக் கழுதையைப் பார்த்துச் சிரித்தவர்கள் தங்கள் உறுப்பினர் பட்டியலையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

தெற்கே அந்த நிலையை மாற்றியவர்கள் சிலர் உண்டு. திருநெல்வேலியில் ஆர்.ஆர்.சீனிவாசனும் நண்பர்களும் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்தினார்கள். மதுரையில் ஆர்.பி.அமுதன் 'மறுபக்கம்' சார்பில் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாக்களை நடத்திவருகிறார். அவர் 2003இல் எடுத்த 'பீ', மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையை அருகில் இருந்து காட்டும் படம்.

1999 ஜூலை 23 நமக்கெல்லாம் தெரிந்த நாள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடிக் கடைசியில் சேர்கிற ஆறு அதுதான். காஞ்சனையிலிருந்து அந்தப் படுகொலையைப் பற்றி 'நதியின் மரணம்' ஆவணப்படம் வந்தது. படம் பார்க்கக் கூடிய ஓர் இயக்கம், தன் ஊரில் ரத்தம் சிந்தியபோது படம் எடுக்கும் இயக்கமாக மாறியது. வட்டாரத் திரைப்பட இயக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு படம் போதும்.

5. டெக் இரவுகள்

மேலே சொன்னவை புத்தகத்தில் ஏறிய வரலாறு. ஏறாத ஒன்றும் இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் தெருக்களில் டெக் போடுவார்கள். சடங்கு வீடு, கல்யாண வீடு, கொடை, அம்பேத்கர் பிறந்தநாள் எதுவானாலும், தென்காசியிலிருந்து கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். இளைஞர் மன்றத்தில் வரி போட்டுக் காசு சேர்ப்பார்கள். ஒரு ராத்திரிக்கு மூன்று படம். எந்தப் படம் முதலில், எது நடுவில், விடியும்போது எது என்பதில் பெரிய சண்டையே நடக்கும். பெண்களுக்கு ஒரு படம், பையன்களுக்கு ஒரு சண்டைப் படம், பெரியவர்களுக்கு ஒரு பழைய படம் என்று சமாதானம் ஆகும். இன்றைய விழாக்களில் தேர்வுக்குழு செய்கிற வேலை இதுதான். காலையில் டீக்கடையிலும் களத்துமேட்டிலும் நடந்த வாக்குவாதம்தான் அதன் கருத்தரங்கு.

ஊர்த்தெருவில் டெக் போட்டால் நம் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்த்ததும் உண்டு, விரட்டப்பட்டதும் உண்டு. நம் தெருவில் போட்டபோது பாய் விரித்து, கால் நீட்டி, சத்தமாகச் சிரித்துப் பார்த்தோம். தரையில் உட்கார்ந்தோம், ஆனால் நம் தரை. நம் வட்டாரத்தின் முதல் திரைப்பட விழாக்கள் இந்த டெக் இரவுகள்தான் என்று சொல்லத் துணிகிறோம். அவற்றுக்கு அழைப்பிதழ் இல்லை, அறிக்கை இல்லை, ஒரு வரி விமர்சனமும் இல்லை. எந்த ஊரில் எந்தப் படத்துக்கு யார் அழுதார்கள் என்பது அந்தத் தலைமுறையின் நினைவில் மட்டும் இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு இப்போது அறுபது வயதைத் தாண்டுகிறது.

அம்பேத்கர் படத்தின் கதையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜப்பார் படேல் இயக்கி மம்முட்டி நடித்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' 2000 வாக்கில் ஆங்கிலத்தில் வந்தது. தமிழ்ப் பேச்சோடு அது தியேட்டருக்கு வர 2010 டிசம்பர் ஆனது. அதற்கு வழக்குப் போட வேண்டியிருந்தது. முற்போக்கு எழுத்தாளர்களும் தலித் அமைப்புகளும் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதியவரைப் பற்றிய படத்தை நம் மொழியில் பார்க்க நாம் பத்து ஆண்டுகள் காத்திருந்தோம். 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் வந்தபோது பல ஊர்களில் திரையிடலைப் போலீஸ் தடுத்தது. ரோசிக்கு மூடப்பட்ட கதவு எளிதில் திறந்துவிடவில்லை.

6. படம் எடுக்க வந்தவர்கள்

நம் நிலம் மட்டும் எப்போதோ திரைக்குப் போய்விட்டது. சுந்தரபாண்டியபுரத்து வயல்களையும் தெருக்களையும் 1992இல் 'ரோஜா'வில் இந்தியாவே பார்த்தது. 2005இல் 'அந்நியன்' பாட்டுக்காக அங்கே பாறைமேல் நடிகர்களின் முகங்களைத் தீட்டினார்கள். சூரியகாந்தி பூக்கிற மாதங்களில் இன்றும் அந்தப் பாறையோடு படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள். வயல் தெரிந்தது, பூ தெரிந்தது, அருவி தெரிந்தது. அந்த வயலில் களை எடுத்தவர்கள் தெரியவில்லை.

கேமரா நம்மை நேராகப் பார்த்த நாளும் உண்டு. 1981 பிப்ரவரி 19 அன்று மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். நாடெங்குமிருந்து பத்திரிகைக்காரர்களும் தலைவர்களும் அந்தச் சின்ன ஊருக்கு வந்தார்கள். பணம் வாங்கினீர்களா என்ற கேள்வியே திரும்பத் திரும்ப வந்தது. தலைமுறை தலைமுறையாக வாங்கிய அவமானத்தைப் பற்றிய கேள்வி பின்னால் போனது. காட்சி யார் கையில் இருக்கிறதோ கேள்வியும் அவர் கையில்தான் இருக்கும்.

7. மலை தாண்டிப் பார்த்த படங்கள்

எங்கள் குழு விழாக்களுக்குப் போகத் தொடங்கியது கேரளத்துக்கு. 1996இல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழா டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. சென்னை இங்கிருந்து ஓர் இரவுப் பயணம். திருவனந்தபுரமோ ஆரியங்காவு, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாக ஒரு பகல் பேருந்தில் வந்துவிடும். செங்கோட்டை – புனலூர் பாதை அகலப்பாதையாகி 2018இல் திறந்தபின் ரயிலும் உண்டு. ரோசி தப்பி ஓடிய ஊருக்கு நாங்கள் படம் பார்க்கப் போகிறோம் என்று முதல் பயணத்தில் எங்களுக்குத் தெரியாது. பிறகுதான் படித்தோம்.

ஒரு நாளைக்கு நான்கைந்து படம். வரிசையில் நிற்பது, இடம் இல்லாமல் படியில் உட்காருவது, இரவில் பஸ் நிலையத்தருகே மலிவான அறையில் நான்கு பேர் படுப்பது. எங்களில் பலர் குடும்பத்தில் முதலில் கல்லூரி போனவர்கள். ஈரானியப் படத்துக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் ஓடும். படிக்கும் முன் மாறிவிடும். முதல் ஆண்டு பாதிப் படத்தை எழுத்தைத் துரத்தியே கழித்தோம். வேறொரு ஊரில், ஒரு விழாவின் வாசலில், அடையாள அட்டையைப் பார்த்த ஒருவர், "தென்காசியா? இந்தப் படமெல்லாம் உங்களுக்குப் பிடிபடுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று பார்த்தது ஒரு மராத்திப் படம், நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி'. பன்றி பிடிக்கிற குடும்பத்துப் பையன் ஜப்யா கடைசியில் எறிகிற கல் நேராகப் பார்ப்பவரை நோக்கி வருகிறது. அரங்கில் பலர் அதிர்ந்தார்கள். எங்களுக்கு அந்தக் கல் எங்கள் பக்கத்திலிருந்து போவதாகத் தோன்றியது. படம் எங்களுக்கு நன்றாகவே பிடிபட்டது.

ரோசியைக் கல்லால் அடித்தது பார்வையாளர் கூட்டம். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு தலித் இயக்குநர் கல்லைத் திரையிலிருந்து பார்வையாளரை நோக்கித் திருப்புகிறார். இந்த இரண்டு கல்லையும் சேர்த்துப் பார்க்கிறவர்தான் நம் விமர்சகர்.

பிறகு காலம் வேகமாக மாறியது. உயர் நீதிமன்ற உத்தரவு இருந்தும் தந்தையின் பிணத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோக முடியாத மகனின் கதையான அம்ஷன் குமாரின் 'மனுசங்கடா' 2017இல் கோவா விழாவின் இந்தியப் பிரிவில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' அதே பிரிவுக்குப் போனது. 2019 பிப்ரவரியில் அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தலித் திரைப்பட, பண்பாட்டு விழா நடந்தது, பா.இரஞ்சித்தும் மஞ்சுளேயும் கலந்துகொண்டார்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரலில் ஒரு திரைப்பட விழா நடத்துகிறது. அதன் பெயர் பி.கே.ரோசி திரைப்பட விழா. உள்ளே விடப்படாத பெண்ணின் பெயர் வாசலில் எழுதப்பட்டிருக்கிறது.

8. ரசனையும் நம் விமர்சனமும்

குற்றாலம் ரசனைக்குப் பேர்போன ஊர். ரசிகமணி டி.கே.சி. இங்கே வாழ்ந்து 1954இல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். ஒரு பாடலை வாய்விட்டுச் சொல்லி, திரும்பச் சொல்லி, அதன் சுவையை எடுத்துக் காட்டுவது அவர் வழி. அந்தப் பொறுமையை நாமும் கற்க வேண்டும். ஒரு படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நமக்குச் சாதகமா பாதகமா என்று முத்திரை குத்துவது விமர்சனம் ஆகாது. நம்மவர் எடுத்த படம் என்பதற்காகக் குறையை மறைப்பதும் ஆகாது. அதேசமயம் அந்த ரசனை கேட்காத கேள்விகள் நம்மிடம் இருக்கின்றன.

'பரியேறும் பெருமாள்' முடிகிற இடத்தை எடுத்துக்கொள்வோம். மேசைமேல் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு மல்லிகைப் பூ. பலர் இதைச் சமாதானத்தின் குறியீடாக எழுதினார்கள். நாங்கள் அந்தப் படத்தை எங்கள் தெருவில் திரையிட்டபோது ஒரு அம்மா கேட்டது வேறு: "ரெண்டு கிளாசும் ஒரே மாதிரியா இருக்கு, பாத்தியளா?" இரட்டைக் குவளைக் கடையில் தனிக் கிளாசில் டீ குடித்தவருக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். எந்தப் பத்திரிகை விமர்சனத்தைவிடவும் அந்த ஒரு வரி எங்களுக்குப் பாடமாக இருந்தது.

அதே படத்தில் பரியனின் அப்பா கூத்தில் பெண்வேடம் கட்டுபவர். அவரை வேட்டியை உருவி ஓடவிட்டு அவமானப்படுத்துகிற காட்சியை யாரும் மறக்க முடியாது. நடித்தவர் நெல்லை தங்கராஜ், நிஜத்திலும் கூத்துக் கலைஞர். காக்காரிசி நாடகத்திலிருந்து வந்து விரட்டப்பட்ட ரோசியும், திரையில் ஓடவிடப்பட்ட இந்த அப்பாவும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள். தொடர்பைக் காண்பதற்குப் பெரிய கோட்பாடு வேண்டாம். நம் கலைஞர்களின் வரலாறு தெரிந்தால் போதும்.

'வாழை'யையும் அப்படித்தான் பார்த்தோம். வாழைத்தார் சுமக்கிறவர்கள் கூலி உயர்வு கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் வேலை முடிந்து திரும்பத் தனி வண்டி இல்லாமல் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து வருகிறார்கள்; லாரி கவிழ்கிறது. நகரத்து விமர்சனங்கள் சிறுவனின் பசியையும் அழுகையையும் அதிகம் பேசின. நம் பக்கத்து விவசாயக் கூலிகள் வண்டியைப் பற்றிப் பேசினார்கள். கூடக் கொடுத்த கூலியை முதலாளி எங்கே பிடித்தம் செய்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். சரக்குக்குப் போட்ட வண்டியில் ஆளை ஏற்றுவது இன்றும் நம் சாலைகளில் நடப்பதுதானே.

எழுதத் தொடங்கும் மாணவர்களுக்கு இதையே சொல்வோம். படத்தில் யார் வீட்டுக்குள் கேமரா போகிறது, யார் வீட்டு வாசலோடு நிற்கிறது என்று பாருங்கள். யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வேலையைக் கொண்டு மட்டும் அழைக்கப்படுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சமைப்பவர், கழுவுபவர், சுமப்பவர் திரையில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்? நம் பெண்கள் அடிபடுவதற்காக மட்டும் வருகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை நம் இயக்குநர்களிடமும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். பிறகு ஒலி, வெட்டு, வெளிச்சம் எல்லாவற்றையும் எழுதுங்கள். தொழில் தெரியாமல் பேசுகிறார்கள் என்ற சொல்லுக்கு இடம் கொடுக்கக்கூடாது.

9. இனி

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. குற்றாலத்தில் சீசனில் சாரல் விழா நடக்கிறது. நம் அரங்கமும் ஆண்டுக்கு ஒருமுறை இங்கே ஒரு திரைப்பட விழா நடத்த வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. சீசனில் அறை வாடகை ஏறிவிடும். ஏப்ரலில் அண்ணல் பிறந்தநாளையொட்டி நடத்தலாம். மூன்று நாள், பத்துப் படம் போதும். பகலில் தென்காசியில் ஒரு மண்டபம், இரவில் சுற்றுக் கிராமங்களின் நம் தெருக்கள். படம் எடுத்தவரிடம் முறையாக அனுமதி வாங்கித் திரையிடுவோம். அவர் வந்து நம் மக்களின் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

வெளிமொழிப் படங்களுக்கு ஒரு தோழர் மைக்கில் தமிழில் வசனம் சொல்லட்டும். பேசாப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் இருந்தார். அந்த வழக்கத்தை மீட்டெடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நாங்கள் இரண்டு முறை செய்து பார்த்தோம். முதல் முறை சொதப்பியது, சொன்னவர் படத்தில் லயித்துப் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டாம் முறை எழுபது வயதுப் பாட்டி ஒருவர் ஈரானியப் படத்தைக் கடைசிவரை பார்த்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு நோட்டு. ஒவ்வொரு திரையிடலுக்கும் தேதி, ஊர், படம், வந்தவர்கள் எத்தனை பேர், யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும். அதோடு இந்த ஆண்டுக்குள் மாணவர்கள் ஆளுக்கு ஒரு பெரியவரிடம் போய், கொட்டகையையும் டெக் இரவுகளையும் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எங்கே உட்கார்ந்தீர்கள், யார் விரட்டினார்கள், எந்தப் படத்துக்கு அழுதீர்கள் என்று கேளுங்கள். தொடக்கத்தில் நாங்கள் சொன்ன மூத்த தோழரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். "சினிமா பாக்குறதுக்கெல்லாம் ஒரு வரலாறா" என்று கேட்ட அவர்தான், பேச்சுவாக்கில், சிறுவயதில் கொட்டகைக்கு வெளியே கீற்று ஓட்டை வழியாக ஒரு முழுப் படத்தையும் நின்றபடியே பார்த்ததாகச் சொன்னார். எந்தப் படம் என்று கேட்டோம். பாதித் திரைதான் தெரிந்தது, பெயர் நினைவில்லை என்றார்.

அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு அந்த விழாவைத் தொடங்குவோம்.

ஜெய் பீம்!